கழுத்தளவு பிளாட்டினம்

"கழுத்தை ஆட்டாதீங்க."

"நான் எங்கம்மா ஆட்டறேன்? நீ இழுக்கற, அது ஆடுது."

"மூச்சை நல்லா உள்ள இழுங்க. இழுத்துட்டீங்களா? விட்டுடாதீங்க."

மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. கழுத்தை ஒட்டிக் கிடந்த அட்டிகை மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நகைப் பட்டறை வாசலில் நிறுத்தியிருந்த டிரைவிங் ஸ்கூல் காருக்குள் இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அந்த டிரைவிங் ஸ்கூலை நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவர் என்பதால், பேப்பர் போடுகிறவர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். அவர் கழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. பெரிய நகைக்கடை ஒன்றில் டிசைனர். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பாள். அதனால் கடையிலும் பட்டறையிலும் அவள் பெயரே பென்சில் என்று ஆகிவிட்டது.

அன்றைக்குத்தான் போட்டியின் இறுதிச் சுற்று. பிளாட்டினத்தில் இந்திய மணப்பெண்ணுக்கான நகை வடிவமைப்புப் போட்டி. எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த படங்களில் பென்சில் வரைந்த அட்டிகையும் தேறி, கடைக்காரர்கள் அதைச் செய்தும் முடித்துவிட்டார்கள். இரண்டு கொடிகள் கழுத்தைச் சுற்றி வந்து முன்னால் இரண்டு இலைகளாகச் சந்திக்கும். ஓர் இலை மேல் இன்னொரு இலை படுத்திருக்கும். அதுதான் பூட்டு. பின்னங்கழுத்தில் கொக்கி கிடையாது, கயிறு கிடையாது, திருகு கிடையாது. இரண்டு இலைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் திறக்கும். மணப்பெண் யார் உதவியும் இல்லாமல் தானே மாட்டிக்கொள்ளலாம், தானே கழற்றிக்கொள்ளலாம். அந்த அட்டிகையின் பெருமையே அதுதான்.

மேடை ஏறுவதற்குமுன் கடைசியாக ஒரு தடவை நிஜக் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட நினைத்தாள். தன் கழுத்தில் போட்டால் பூட்டு தன் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரே கழுத்து மாஸ்டருடையது.

"ஒரே ஒரு நிமிஷம், கழுத்தைக் காட்டுங்க" என்றாள். அவர் காட்டினார். அட்டிகை 'க்ளிக்' என்று அழகாகப் பூட்டிக்கொண்டது. அவ்வளவுதான். மெல்லிய கழுத்தை மனத்தில் வைத்துச் செய்த நகை, மாஸ்டரின் கழுத்தில் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. இலைகளை அழுத்த, அடியில் துளி இடமில்லை.

"நெம்பினா வந்துடும்" என்று பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். கூரான முனையை இலைக்கும் இலைக்கும் நடுவில் விட்டு லேசாகத் தூக்கினாள்.

'டிக்.'

"வந்துடுச்சா?" என்றார் மாஸ்டர் ஆவலோடு.

பென்சில் தன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். முனையைக் காணோம்.

"வரல. உள்ள போயிடுச்சு."

"எது?"

"பென்சில் முனை."

பட்டறையிலிருந்து பாலிஷ்காரரைக் கூட்டி வந்தாள். நகையைப் பளபளவென்று துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், தான் துடைத்த நகை பெட்டியில் இல்லாமல் ஒரு மீசைக்காரர் கழுத்தில் இருப்பதைக் கண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுவே தங்கம்னா கொஞ்சம் வளைச்சு விட்டு எடுத்துடலாம்" என்றார். "பிளாட்டினம் வளைஞ்சு குடுக்காதும்மா. வறட்டுப் பிடிவாதம் பிடிச்ச உலோகம்."

"வெட்டி எடுக்க முடியாதா?" என்றார் மாஸ்டர்.

"எதை?"

"எதைன்னா? அட்டிகையைத்தான்!"

"அதை வெட்டினா அம்மாவோட ஆறு மாச உழைப்பு போச்சு. அதுக்கு வேற மெஷின், வேற நெருப்பு. கழுத்துன்னா சுலபம்" என்றவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன். சோப்புத் தண்ணி போட்டுப் பாருங்க" என்று முடித்துக்கொண்டார்.

சோப்புத் தண்ணீர் போட்டார்கள். அட்டிகை வழுக்கியது. ஆனால் கழன்று வருகிற திசையில் வழுக்காமல் மேலே வழுக்கி, தாடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது மாஸ்டரால் குனியவும் முடியவில்லை, பக்கவாட்டில் திரும்பவும் முடியவில்லை. படம் எடுக்க உட்கார்ந்த மகாராஜா மாதிரி நேராக வெறித்தபடி இருந்தார். சட்டை தொப்பலாகிவிட்டது. நுரையோடு நுரையாகப் பென்சில் முனை இன்னும் ஆழமாகப் போய்விட்டது.

"இழுத்து இழுத்துக் கழுத்து வீங்கிடுச்சு. வீக்கம் குறையணும்" என்றார் பாலிஷ்காரர். "ஐஸ் வச்சா தோல் சுருங்கும்."

எதிரே ஜூஸ் கடை இருந்தது. ஒரு பை நிறைய ஐஸ் கட்டி வாங்கி வந்து கழுத்தைச் சுற்றி வைத்தாள். தோல் சுருங்கியதோ இல்லையோ, மாஸ்டருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

"விக்!"

அட்டிகையின் கீழ் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன பிளாட்டினத் துளிகள் தொங்கின. மணப்பெண் நடக்கையில் மெல்லிசாக ஓசை வர வேண்டும் என்று ஆசை ஆசையாக அவள் சேர்த்தவை. விக்கல் வந்து தொண்டைக்குழி எகிற, அவை அத்தனையும் ஒன்றாகக் குலுங்கின.

"விக்!"

'கிணிங்.'

"சத்தம் நல்லா வருதும்மா" என்றார் பாலிஷ்காரர். அவர் மனசார, நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பென்சிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாத. எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும். விக்!" என்றார் மாஸ்டர். "நம்ம பல் டாக்டர்கிட்ட போவோம். பல்லு இடுக்குல என்னென்னவோ சிக்கினதையெல்லாம் எடுக்கறவர். இதை எடுக்க மாட்டாரா? விக்!"

பல் டாக்டர் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொண்ட காலத்தில் தன் வீட்டு கேட்டையும் எதிர்வீட்டுத் தூணையும் சாய்த்தவர். இரண்டு தடவையும் மாஸ்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதால் அவருக்கு மாஸ்டர் மேல் தனி மரியாதை. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாத மனிதர் வண்டியை எப்படி ஓட்டுவார்?

"நீ ஓட்டு" என்றார்.

"நானா? டவுனுக்குள்ளயா?"

"லைசென்ஸ் வச்சிருக்கல்ல. என் பக்கத்துலயும் பிரேக் இருக்கு. பயப்படாத. விக்!"

பென்சில் லைசென்ஸ் வாங்கி வருஷக்கணக்காகிறது. அதை பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருப்பதோடு சரி. கடைசியில் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கார் ஆமை நகர்வது போல நகர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. மாஸ்டர் எதையும் காட்டிக்கொள்ளாமல், "செகண்ட் கியர். விக்! கண்ணாடியைப் பாரு. விக்!" என்று முன்னால் பார்த்தபடியே பாடம் நடத்தினார். ஒவ்வொரு விக்கலுக்கும் அவர் கால் பிரேக்கை அமுக்க, கார் குதித்துக் குதித்துப் போயிற்று.

நடுவழியில் போன் அடித்தது. கடை மேனேஜர். ஓரமாக நிறுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா இருக்க? நான் மண்டப வாசல்லயே நிக்கறேன். நகையை நேரா என் கையில கொண்டாந்து குடுத்துடு."

"சரி சார். ஒரு சின்ன..."

"இன்னொண்ணு. மேடையில டிசைனைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்ல. நீ வர வேணாம். உனக்குத்தான் நாலு பேரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குமே! போன தடவை மீட்டிங்ல புரொஜெக்டரைப் பார்த்து 'தேங்க்ஸ்'னு சொன்னவதானே நீ? நானே போய், நம்ம டீம் செஞ்சதுன்னு பேசிக்கறேன். உன் பேரெல்லாம் சொல்லிக் குழப்பிக்கிட்டிருக்க வேணாம். நீ கீழ எங்கயாவது உட்கார்ந்துக்கோ."

"சரி சார்" என்றாள் பென்சில். சொல்லும்போதே அவள் உடம்பு லேசானது.

போனை வைத்ததும் மாஸ்டர், "சரின்னுட்டியா?" என்றார்.

"பின்ன? பேசணுமேன்னு மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. அவரே பேசறேன்னு சொல்லும்போது வேணாம்பாங்களா? அப்பாடான்னு இருக்கு."

"நீ வரைஞ்சதுதானே?"

"வரைஞ்சது நான்தான். வரைஞ்சவ வாயில்லாதவளா இருந்தா வாயுள்ளவங்க பேசட்டும். இப்ப நகை கழண்டா போதும் எனக்கு."

மாஸ்டர் விக்கினார். 'கிணிங்.'

பல் டாக்டர் மாஸ்டரை நாற்காலியில் சாய்த்து, தலைக்கு மேல் விளக்கைத் திருப்பினார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது பென்சிலுக்கு. பூதக்கண்ணாடி பொருத்திய கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தவர், "நீங்க வெளிய உட்காருங்கம்மா, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

வெளியே கன்னம் வீங்கிய ஒருவர் கையால் தாடையைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து 'விக், கிணிங்' என்று கேட்கும்போதெல்லாம் அவர் அறைக் கதவைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சத்தம் நின்றது. பென்சில் எழுந்து நின்றாள். உள்ளே இருவரும் மெல்லிய குரலில் என்னவோ பேசிக்கொண்டார்கள். மறுபடியும் 'விக்' கேட்டது. பென்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்தது. மாஸ்டர் வந்தார். அட்டிகையும் வந்தது. சோப்பில் ஏறித் தாடைக்கு அடியில் சிக்கியிருந்தது இப்போது கீழே இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் லட்சணமாக இருந்தது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

"என்ன டாக்டர்?"

டாக்டர் அவளைப் பார்க்காமல் கை கழுவினார். "கொஞ்சம் சிக்கலான கேஸும்மா. இனிமே யாரும் அதைத் தொடக் கூடாது. அசைச்சா பூட்டுக்கும் ஆபத்து, கழுத்துக்கும் ஆபத்து. இருக்கற மாதிரியே நேரா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"இப்படியேவா?"

"இதைச் சுத்திக்கட்டும்" என்று நோயாளிகளின் மேல் போர்த்துகிற பச்சைத் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வழியெல்லாம் பென்சில் புலம்பிக்கொண்டே வந்தாள். வேலை போய்விடும் என்றாள். நகையைத் திருடிவிட்டோம் என்று சொல்வார்கள் என்றாள். புலம்பலில் ஸ்டியரிங் பயம் மறந்துபோய், டாப் கியரில் போய்க்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. மாஸ்டர் பச்சைத் துணிக்குள் கழுத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தார். பயத்தில் மரத்துப்போய்விட்டார் போலிருக்கிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

மண்டப வாசலில் சோதனை வளையம் ஒன்று வைத்திருந்தார்கள். மாஸ்டர் நுழைந்ததும் அது கத்தியது. காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"சாவி, செல்போன் எல்லாம் வெளிய எடுங்க சார்."

எடுத்தார். வளையம் மறுபடியும் கத்தியது.

"கழுத்துல என்ன துணி? அவிழ்த்துக் காட்டுங்க."

மாஸ்டர் அவிழ்த்தார். காவலாளி பார்த்தான். மீசையைப் பார்த்தான், அட்டிகையைப் பார்த்தான், மறுபடியும் மீசையைப் பார்த்தான்.

"யாரோடது சார் இது?"

"மணப்பொண்ணோடது."

"மணப்பொண்ணு எங்க?"

"இனிமேதான் வரும். விக்!"

காவலாளி ஒரு அடி பின்வாங்கி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான். "சார், இங்க ஒரு ஆம்பளை ஆளு, கழுத்து நிறைய நகையோட நிக்கறார். கேட்டா மணி அடிக்கறார். என்ன செய்யறது?"

அதைக் கேட்டு ஓடி வந்தவர்களில் மேனேஜரும் ஒருவர். வந்தவர் பேயறைந்தது போல நின்றார்.

"என்னம்மா இது?"

"சார், அது வந்து... பூட்டு... பென்சில்..."

"பேசாத! கழட்டு முதல்ல!"

அவரே பாய்ந்து பின்பக்கமாகக் கையை விட்டு இழுத்தார். கொக்கியே இல்லாத இடத்தில் கொக்கியைத் தேடினார். "ஐயோ, கொல்றாங்க!" என்று மாஸ்டர் போட்ட கூச்சலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் கையை எடுத்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் பிடித்த ஒரு அம்மாள் வந்தாள். நிகழ்ச்சியை நடத்துகிறவள். "அடுத்தது உங்க நகைதான் சார். ரெடியா?" என்று கேட்டவள், நகை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். "மாடல் பொண்ணுக்குப் போட முடியாதா?"

"முடியாது" என்றார்கள் மூவரும், மூன்று விதமாக.

"ஒரு கழுத்துல போட்டுக் காட்டணும்னுதான் விதி. யாரோட கழுத்துன்னு எழுதலை. இவரே வரட்டும். யாரு பேசறீங்க?"

"நான்தான்" என்று மேனேஜர் டையைச் சரி செய்துகொண்டு மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று ஒத்திகை பார்த்தார். "எங்கள் டீமின் இந்தப் படைப்பு..."

"விக்!" 'கிணிங்.'

"எங்கள் டீமின்..."

"விக்!" 'கிணிங்.'

"எங்..."

"விக்! விக்! விக்!"

"சார், நீங்க பக்கத்துல வந்தாலே இவருக்கு அதிகமாகுதே!" என்றாள் மைக் அம்மாள்.

"நான் என்னங்க செய்யட்டும்?" என்றார் மாஸ்டர் பரிதாபமாக. "இவ பக்கத்துல நின்னா கொஞ்சம் அடங்கும்."

பென்சிலை இழுத்து அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். விக்கல் வரவில்லை. மேனேஜர் ஓரடி கிட்டே வந்தார். "விக்!" பின்னால் போனார். நிசப்தம்.

"நேரமாகுது. அம்மா, நீங்களே போய்ப் பேசிடுங்க" என்றாள் மைக் அம்மாள்.

"ஐயோ, நானா?"

மேடை விளக்கில் கண் கூசியது. கீழே வரிசை வரிசையாக முகங்கள். மாஸ்டரைக் கண்டதும் ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு அரங்கம் முழுக்கப் பரவியது. பென்சிலின் நாக்கு வழக்கம்போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசை மேஜையில் நடுவர்கள் மூவர் இருந்தார்கள். நடுவில் இருந்தவள் நரைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அட்டிகையையே பார்த்தாள்.

"பின்னால கொக்கி இல்லையே. இதை மணப்பொண்ணு எப்படிக் கழட்டுவா?"

கேட்கக் கூடாத ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டாள். பென்சிலுக்கு என்ன ஆயிற்றோ, காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது.

"கழட்ட முடியலம்மா! காலையிலேர்ந்து அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்!"

அரங்கம் குலுங்கியது. பென்சில் நிறுத்தவில்லை.

"இது என் வீட்டுக்காரர். அவர் கழுத்துல போட்டுப் பார்த்தது என் தப்பு. பென்சிலை விட்டு நெம்பினேன், முனை உள்ள போயிடுச்சு. சோப்பு போட்டோம், மேல ஏறிடுச்சு. ஐஸ் வச்சோம், விக்கல் வந்துடுச்சு. ஆனா நகை மேல தப்பில்லம்மா. இதை வரைஞ்சது நான்தான். ஏன் வரைஞ்சேன்னா, என் கல்யாணத்தன்னிக்கு என் கழுத்துல போட்ட நகைக்குப் பின்னால கொக்கி. அதுல முடி மாட்டிக்கிச்சு. எங்க அக்கா இழுக்க, சித்தி இழுக்க, நாத்தனார் ஊசியோட வந்து நிக்க, நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லாப் படத்துலயும் என் முகம் கோணலாத்தான் இருக்கும். எனக்கு வலிக்குதுன்னு சொல்லக்கூட அன்னிக்கு வாய் வரல. ஒரு பொண்ணு தன் கழுத்துல இருக்கறதைத் தன் கையாலேயே மாட்டிக்கணும், வேணாம்னா தன் கையாலேயே கழட்டி வச்சுடணும். அதுக்குத்தான் பூட்டை முன்னால வச்சேன்."

சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அந்த அமைதியில் அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். மாஸ்டர் கழுத்தை ஒடுக்கி, வாகாக நீட்டிக் கொடுத்தார்.

"கெட்டுப் போகாம இருந்திருந்தா இப்படித்தான் திறக்கும். இந்த இலையையும் அந்த இலையையும் சேர்த்து..."

'க்ளிக்.'

அட்டிகை அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பென்சில் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். "அப்பாடா!" என்று அவள் விட்ட பெருமூச்சு மைக்கில் பட்டு அரங்கத்தின் கடைசி வரிசை வரை போயிற்று. அதற்கப்புறம் எழுந்த கைதட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது. மாஸ்டர் கழுத்தைத் தடவிக்கொண்டு எல்லாருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டார்.

முதல் பரிசு வேறொருவருடைய ஒட்டியாணத்துக்குப் போனது. பென்சிலுக்கு நடுவர்களின் சிறப்புப் பரிசு. 'அணியவும் கழற்றவும் மிகவும் வசதியான நகை' என்று அதன் தலைப்பை வாசித்தபோது அரங்கமே மறுபடியும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பென்சிலும் சேர்ந்துகொண்டாள். 'வடிவமைத்தவர்' என்று அவள் பெயரைத்தான் படித்தார்கள். போட்டோவில் மேனேஜர் ஓரமாக நின்றார். முதலாளியே போனில் கூப்பிட்டு, "இத்தனை நாளும் நீதான் வரையறேன்னு யாரும் எனக்குச் சொல்லவே இல்லையேம்மா! அடுத்த வருஷமும் நீயே பேசணும்" என்றார். வேலை போகவில்லை, நகைக்கு ஒரு கீறல் இல்லை, போலீஸ் வரவில்லை. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

திரும்பும்போது அவளே சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட துணியைக் குடுத்துட்டுப் போயிடலாம்."

"இப்பவா?" என்றார் மாஸ்டர். "நாளைக்குக் குடுத்துக்கலாமே. களைப்பா இருக்கு."

"வழியிலதானே இருக்கு? பாவம், நல்ல மனுஷர். நல்ல சேதியைச் சொல்ல வேணாமா?"

"பேஷண்ட் இருப்பாங்க."

"இருக்கட்டும், வெயிட் பண்ணலாம்."

"பெட்ரோல் வேற கம்மியா இருக்கு."

"முள்ளு பாதிக்கு மேல நிக்குது. என்னாச்சு உங்களுக்கு?"

கிளினிக்கில் பேஷண்ட் யாரும் இல்லை. டாக்டர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பென்சில் பரிசுக் கேடயத்தை அவர் கையில் கொடுத்து, மேடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மேடையேறிய நாக்கு இன்னும் கீழே இறங்கவில்லை.

"என்ன அதிசயம் பாருங்க டாக்டர்! இத்தனை கருவி வச்சிருக்கற உங்களாலயே முடியாத பூட்டு, மேடையில நான் தொட்டதும் தானா திறந்துடுச்சு!"

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியலையா? பென்சில் முனையை எடுத்து, பூட்டையும் திறந்து, அட்டிகையைக் கையிலயே குடுத்தேனேம்மா! 'திரும்பப் பூட்டிடுங்க டாக்டர், இல்லேன்னா இன்னிக்கும் அவ மேடைக்குக் கீழேயே உட்கார்ந்துடுவா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டவர் உங்க வீட்டுக்காரர்தான்!"